ஆபரேட்டர் எழுதிய படிவம்

அந்த மருத்துவமனையில் அவரை எல்லோரும் ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் நர்சுகள், ஆபரேட்டர் என்றால் ஆபரேஷன் செய்கிறவர் என்று நினைத்து மரியாதையாக எழுந்து நிற்பதுண்டு. "உட்காருங்கம்மா. வயித்தைத் திறக்கிறவர் மேல் மாடியில இருக்கார். நான் லைனைத் திறக்கிறவன்" என்பார்.

இருபத்தாறு வருடம் தரைத்தளத்துத் தொலைபேசி அறையில் உட்கார்ந்து வருகிற அழைப்புகளை வார்டுக்கு வார்டு மாற்றிவிட்டவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் முந்நூற்று எண்பது உள் இணைப்பு எண்களும் அவருக்கு நாக்கு நுனியில் இருந்தன. எந்த டாக்டர் எந்த நேரத்தில் எந்த அறையில் இருப்பார், எவர் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்வார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அழைப்பை மாற்றிவிடும் வேலையை ஒரு இயந்திரம் எடுத்துக்கொண்டபோது அவரைக் கணினிப் பிரிவில் ஒரு மேசைக்கு மாற்றினார்கள். இணையத்தில் முன்பதிவு செய்கிறவர்களின் விவரங்கள் அங்கே வந்து விழும். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை ஹெட்போனில் கேட்டு, விவரங்களை அந்தந்தத் துறைக்கு அவர் அனுப்ப வேண்டும். அந்தக் குரலை அவர் அசுர வேகத்தில் வைத்திருப்பார். அவருடைய மனைவி வீட்டில் துணி தைத்துக் கொடுக்கிறவர். ஒருநாள் ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "என் மெஷின்கூட இவ்வளவு வேகமா ஓடாது. இதுல உங்களுக்கு என்னதான் புரியுது?" என்று கேட்டார்.

"உன்கூட இருபது வருஷம் இருந்தவனுக்கு வேகமாப் பேசினா புரியாதா?"

புது மேசையில் உட்கார்ந்த முதல் வாரமே அவருக்கு ஒன்று உறுத்தியது. ஒரே ஆள் மூன்று முறை, நான்கு முறை பதிவு செய்திருந்தார். சிலருடைய பெயரில் பாதி எழுத்தைக் காணோம். எல்லாவற்றையும்விட, தொலைபேசியில் கேட்டுப் பழகிய கூட்டத்தில் கால்வாசிகூட இணையத்தில் வரவில்லை. கவுன்ட்டரில் மட்டும் வரிசை வாசல் தாண்டி நின்றது.

சரி, நாமே பதிவு செய்து பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் உட்கார்ந்தார். பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண், துறை, வரும் நாள் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு 'பதிவு செய்' பட்டனை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினார். கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தது.

"இங்க கொஞ்சம் வாயேன். திரையில என்ன ஆச்சுன்னு பாரு."

மனைவி பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "ரெண்டு கட்டம் சிவப்பா இருக்குங்க."

"சிவப்பா இருந்தா?"

"தப்புன்னு அர்த்தம்போல."

"என்ன தப்பு?"

"அதைச் சொல்லலையே."

கண் இருக்கிறவர்களுக்கும் அது சொல்லவில்லை என்பதுதான் அவருக்குச் செய்தி. இருவரும் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். பெயரில் முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தது ஒரு குற்றம். தொலைபேசி எண்ணின் நடுவே இடைவெளி விட்டது இன்னொரு குற்றம். இரண்டையும் திருத்தி அழுத்தினால் பக்கம் திரும்பத் திறந்து, நிரப்பியது எல்லாம் அழிந்துபோனது; பதிவானதா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. மனைவி எழுந்து தையலுக்கே போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் அந்தப் படிவத்தைச் செய்துகொடுத்த நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடித்தார். எந்த நிறுவனத்திலும் சரியான ஆளைப் பிடிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாவது மாற்றலில் அதை எழுதிய புரோகிராமரே கிடைத்தார். அவரும் ஏறக்குறைய இவர் வயது. பேச்சில் ஒளிவு மறைவு இல்லாத பெண்மணி.

"தப்பான கட்டத்துக்குச் சிவப்பு வர்ற மாதிரிதான் சார் வச்சிருக்கேன்."

"அது எனக்கு எப்படி மேடம் கேட்கும்?"

"நான் நேர்லயே வர்றேன் சார்" என்றார்.

வந்தார். மூன்று மதியங்கள் ஆபரேட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். படிவத்தைச் சரிபார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வரிகளைத் திறந்து, "இது உங்களுக்குப் படிக்குமா?" என்று கேட்டார். படித்தது. படம் இல்லை, நிறம் இல்லை, முழுக்க எழுத்து. இந்தக் கட்டம் காலியாக இருந்தால் நிறுத்து, இதில் எண் தவிர வேறு இருந்தால் நிறுத்து என்று வரிசையாக நிபந்தனைகள். ஆபரேட்டர் இரண்டு முறை கேட்டுவிட்டு, "இது நான் பார்த்த வேலைதானே மேடம். யாரு, என்ன வேணும், எங்க மாத்தணும்னு கேட்டு அனுப்பறது" என்றார். பிறகு ஒரு வரியை மறுபடி ஓடவிட்டார். "இங்க 'செல்லாத உள்ளீடு'ன்னு ஒண்ணு எழுதிவச்சிருக்கீங்க. இது திரையில யாருக்கும் தெரியவே இல்ல. தெரிஞ்சாலும் பிரயோஜனம் இல்ல. நான் இத்தனை வருஷத்துல யாரையும் செல்லாதவங்கன்னு சொன்னதில்ல."

புரோகிராமர் சிரித்துவிட்டார்.

வேறு ஒரு பெரிய வேலைக்குப் புரோகிராமரைப் போகச் சொல்லிவிட்டது நிறுவனம். மருத்துவமனையின் கண்காணிப்பாளர், கண்டிப்பானவர் ஆனால் காது கொடுத்துக் கேட்பவர், "அப்போ இந்தப் படிவத்தை யாரு பார்த்துப்பாங்க?" என்று கூட்டத்தில் கேட்டார். ஆபரேட்டர் கையைத் தூக்கினார். அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவர் கையை இறக்கவில்லை.

நான்கு மாதம் ஜாவாஸ்கிரிப்ட் படித்தார். இணையத்தில் எழுத்தாகக் கிடைத்த பாடங்களை எல்லாம் கேட்டார். நிரலில் வளைவு அடைப்புக்குறி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்பதை உள் இணைப்பு எண்களை நினைவில் வைத்த அதே மண்டையில் வைத்துக்கொண்டார். பழகிப் பார்க்க மனைவியின் வாடிக்கையாளர்களுக்கு ஒரு அளவுப் படிவம் செய்தார். தோள், கை, இடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்.

"இடுப்புக்கு வரம்பு வைக்காதீங்க" என்றார் மனைவி.

"தப்பா ஒரு பூஜ்யம் கூட அடிச்சிட்டா?"

"நானே போன் பண்ணிக் கேட்டுக்கறேன். உங்க மெஷின் 'இது அதிகம்'னு சொல்லிச்சுன்னா அந்த அம்மா அப்புறம் என் வாசல்படி மிதிப்பாங்களா?"

எதைத் தப்பு என்று சொல்வது, எதைப் பேசாமல் வாங்கிக்கொள்வது என்ற யோசனை அன்றைக்குத்தான் அவருக்கு ஆழமாக இறங்கியது. மருத்துவமனைப் படிவத்தை அதே கண்ணோட்டத்தில் பிரித்துப் போட்டார். தொலைபேசி எண்ணில் இடைவெளி இருந்தால் ஆளைக் குறை சொல்லாமல் படிவமே அதை எடுத்துவிட்டது. பெயரில் புள்ளியோ ஒற்றை எழுத்தோ இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். உண்மையிலேயே தவறு என்றால் அந்தக் கட்டத்துக்கே கொண்டுபோய் நிறுத்தி, அதன் அடியில் எழுத்தாகவும் ஹெட்போனில் ஒலியாகவும் சொன்னது: 'பிறந்த தேதி இனிமேல் வரப்போகிற நாளாக இருக்கிறது. வருடத்தை ஒருமுறை பாருங்கள்.' எல்லாம் சரியாக இருந்து பட்டனை ஒருமுறை அழுத்தினால் அது மறுபடி அழுந்தாது. பக்கம் தானாகத் திரும்பத் திறந்து எல்லாவற்றையும் துடைக்கும் வழக்கத்தையும் ஒரே வரியில் தடுத்தார்.

தப்பாக நிரப்ப எத்தனை வழி உண்டோ அத்தனையும் நிரப்பிப் பார்த்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குப் புதுப் படிவத்தை ஏற்றினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார்.

ஒன்பது மணிக்கு மேசைக்குத் திரும்பினால் ஹெட்போன் அமைதியாக இருந்தது. இரட்டைப் பதிவு ஒன்றுகூட இல்லை என்று முதலில் மகிழ்ந்தார். ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. இரட்டைப் பதிவு இல்லாதது சரி, ஒற்றைப் பதிவு எங்கே? முழுக்கச் சரியான விவரங்களோடு ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினார். 'நன்றி. உங்கள் பதிவு கிடைத்தது' என்றது. பட்டியலைத் திறந்தார். காலி.

தப்பான படிவத்தை ஐம்பது விதமாகச் சோதித்தவர், பட்டியலில் பொய்ப் பதிவு ஏறிவிடுமே என்று சரியான படிவத்தை ஒருமுறைகூட முழுதாக அனுப்பிப் பார்க்கவில்லை. பக்கம் திரும்பத் திறப்பதைத் தடுத்தபோது அதனோடு தானாக நடந்துகொண்டிருந்த அனுப்புதலும் நின்றுவிட்டது. அதற்குப் பதில் அவர் எழுதியிருந்த அனுப்பும் வரியில் முகவரி பிசகியிருந்தது. பதிவுகளை வாங்கி வைக்கும் சர்வர் கணினியிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்காமலே நன்றி சொல்லிக்கொண்டிருந்தது படிவம்.

இரண்டே நிமிடத்தில் பழைய படிவத்தைத் திரும்ப ஏற்றினார். பிறகு கைக்கோலை எடுத்துக்கொண்டு நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனார்.

"தப்பு பண்ணிட்டேன் சார். காலையில இருந்து ஐம்பத்தெட்டுப் பேருக்கு இடம் கிடைச்சிடுச்சுன்னு சொல்லியிருக்கு. ஒருத்தர் பேரும் நம்மகிட்ட இல்ல."

"யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"படிவம் எத்தனை தடவை நன்றி சொல்லிச்சுன்னு மட்டும் தனியா ஒரு கணக்கு இருக்கு. ஆள் தெரியாது. நாளையில இருந்து ஒரு வாரத்துக்குள்ள வருவாங்க. ஒவ்வொரு துறையிலயும் தினம் நாலு இடம் ஒதுக்கிக் குடுங்க. வாசல்ல நான் நிக்கிறேன்."

கண்காணிப்பாளர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். "டாக்டருங்க கத்துவாங்களே."

"கத்தினா லைனை எனக்கு மாத்தி விடுங்க. அவங்க கத்தறது எனக்குப் புதுசில்ல."

மறுநாள் காலை ஏழு மணிக்கே வெளிநோயாளிகள் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு அருகே போய் நின்றார். உள்ளே வருகிறவர்களிடம், "செவ்வாய்க்கிழமை காலையில இணையத்துல பதிவு பண்ணினவங்க என்கிட்ட வாங்க. உங்க பேர் விட்டுப்போச்சு. தப்பு எங்களோடது. இடம் வச்சிருக்கோம்" என்று அறிவித்தார். தொலைபேசிக்காகவே பழுத்த குரல். கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே போய் விழுந்தது. முதல் நாள் பதினான்கு பேர் வந்தார்கள். பெயரைக் கேட்டு, பிரெயில் குறிப்புக் கருவியில் தட்டி, இந்த வழியாகப் போங்கள் என்று அனுப்பினார். பெரும்பாலானவர்கள் சண்டை போடாமல் போனார்கள்.

மூன்றாம் நாள் ஒருவர் பொறுக்கவில்லை. நெடுந்தூரத்திலிருந்து தாயாரை எலும்புத் துறைக்கு அழைத்துக்கொண்டு வந்திருப்பதாகச் சொன்னார். "எவன் பண்ணின வேலை இது?" என்றார்.

"நான் பண்ணினது."

அந்த ஆள் கைக்கோலை அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும். "கண்ணு தெரியாதவர்கிட்ட இதை யாரு குடுத்தது?" என்று கேட்டார்.

ஆபரேட்டருக்குச் சுருக்கென்றது. ஆனால் குரல் இறங்கவில்லை. "நானாக் கேட்டு வாங்கினது. அதுக்கு முன்னாடி இருந்த படிவத்துல எங்க தப்புன்னு கண்ணு தெரிஞ்சவங்களுக்கும் தெரியாது. நான் ஒருநாள் காலையில கோட்டை விட்டேன். அதுக்குத்தான் இங்க நிக்கிறேன். உங்க அம்மாவுக்கு ஒன்பது மணிக்கு எலும்புத் துறையில இடம் இருக்கு. வேணுமா, சண்டையை முடிச்சிட்டுப் போறீங்களா?"

பதில் வருவதற்குள் தாயார் குறுக்கே வந்தார். "அதெல்லாம் இருக்கட்டும்பா. இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

"நேரா முப்பது அடி போங்கம்மா. இடது பக்கம் தண்ணி மெஷின் சத்தம் கேட்கும். அதை ஒட்டி ரெண்டாவது கதவு. முதல் கதவு ஸ்டோர் ரூம், திறந்தா துடைப்பம் விழும்."

தாயார் நடந்தார். மகனும் பின்னாலேயே போனார்.

ஒரு வாரத்தில் ஐம்பத்தோரு பேர் வந்தார்கள். மீதி ஏழு பேர் யார், எங்கே போனார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அது அவருக்கு முள்ளாகத்தான் இருந்தது.

புரோகிராமருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. "நானும் ஒருதடவை இப்படி மாட்டியிருக்கேன் சார். இன்னொண்ணும் சொல்லிடறேன். பிரவுசர்ல பண்ற சோதனை ஆளுக்கு உதவி பண்ணத்தான். அதை யார் வேணா தாண்டி வந்துடலாம். அதே சோதனையை சர்வர்லயும் இன்னொரு தடவை வைங்க."

வைத்தார். இந்த முறை சர்வர் பதிவு எண் கொடுத்த பிறகுதான் நன்றி. எண் வரவில்லை என்றால், 'இன்னும் பதிவாகவில்லை, நீங்கள் நிரப்பியது அப்படியே இருக்கிறது, மறுபடி அழுத்துங்கள்' என்று சொல்லி, கவுன்ட்டரின் தொலைபேசி எண்ணையும் தந்தது. சோதனைக்கென்று தனிப் பட்டியல் ஒன்று கேட்டு வாங்கி, சரியான படிவங்களை அதில் முதலில் அனுப்பிப் பார்த்தார். இரண்டு மாதத்தில் கவுன்ட்டர் வரிசை வாசலுக்கு உள்ளேயே அடங்கிவிட்டது. கவுன்ட்டர் எழுத்தர் வந்து, "கொஞ்சம் மூச்சு விட முடியுது ஆபரேட்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு பார்வையாளர் அனுமதிப் படிவமும் அவர் மேசைக்கு வந்தது. வார்டுப் பொறுப்பாளர் பதினான்கு கட்டம் கொண்ட ஒரு தாளை வைத்துக்கொண்டு நின்றார்.

"பார்க்க வர்றவரோட அப்பா பேர் எதுக்கு?"

"எப்பவும் கேட்கறதுதான்."

"அதை வச்சு என்ன பண்றீங்க?"

வார்டுப் பொறுப்பாளர் யோசித்தார். "ஒண்ணும் பண்றதில்ல."

"அப்போ அதுக்கு நான் சோதனை எழுத மாட்டேன். எடுத்துடுங்க."

பேசிப் பேசி ஐந்து கட்டத்துக்குக் கொண்டுவந்தார். திங்கட்கிழமை காலை ஏற்றினார். மதியத்துக்குள் நூற்றுப் பன்னிரண்டு அனுமதிகள் எண்ணோடு வந்திருந்தன, எதுவும் இரட்டிக்கவில்லை. அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.