எட்டாம் மாதத்து வளையல்

பாப்பா எப்போது வரும் என்று கேட்டுக் கேட்டு நான் அம்மாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு ஏழு வயது. வடக்கே நாங்கள் குடியிருந்த மோதி பாக்கில் எல்லார் வீட்டிலும் ஸ்வெட்டரை வெளியே எடுக்கிற மாதத்தில்தான் வரும் என்றாள் அம்மா. ஆனால் அப்போதுதான் மழை ஓய்ந்து கொசு பிடுங்கிக்கொண்டிருந்தது. குளிர்காலம் வரைக்கும் யாரால் பொறுக்க முடியும்!

வளைகாப்புக்காகப் பெரியம்மா சிவகங்கையிலிருந்து பெட்டி நிறையக் கண்ணாடி வளையல்களோடு வந்து இறங்கினாள். சாஸ்திரம் என்று வந்துவிட்டால் பெரியம்மா யாருக்கும் மசியமாட்டாள். வளைகாப்பு ஒன்பதாம் மாதம்தான். அம்மாவுக்கு எட்டு நடந்ததால் பெட்டியைத் திறந்து பார்க்கக்கூட என்னை விடவில்லை. "எட்டுல எந்த நல்ல காரியமும் செய்யக் கூடாதுடி" என்று கையில் ஒரு தட்டு தட்டினாள்.

அந்த வாரமே அம்மாவுக்கு டெங்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொசுவலைக்குள் படுக்கவைத்தார்கள். அப்பா ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார். டாக்டரம்மா வந்து ஹிந்தியில் மளமளவென்று பேச, பெரியம்மா திருதிருவென்று விழித்தாள். அடடா, என் ஹிந்திக்கு வந்த மவுசைப் பார்க்க வேண்டுமே!

"என்னடி சொல்றாக அந்தம்மா?"

"காய்ச்சலால பாப்பா ஜல்தியா வந்துடலாமாம் பெரியம்மா! இன்னைக்கோ நாளைக்கோகூட வந்துடலாமாம்!"

சொல்லிவிட்டு நான் குதியோ குதி என்று குதித்தேன். பெரியம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டு வளையல் பெட்டியை எடுத்துவரச் சொன்னாள்.

அம்மா காய்ச்சலிலும் சிரித்தாள். "எட்டாச்சேக்கா?"

"எட்டாவது மண்ணாவது! கைய நீட்டுடி."

டாக்டரம்மா வாசலில் நின்று, "அச்சா, ஜல்தி ஜல்தி" என்று சொல்லிவிட்டு, பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொசுவலையைத் தூக்கி அம்மாவின் ஒரு கைக்கு வளையல் போட்டாள் பெரியம்மா. மறு கையில் ஊசி குத்தியிருந்ததால் அதற்கான வளையல் அத்தனையும் எனக்கு! முழங்கை வரை குலுக்கிக்கொண்டு, "பேபி ஆ ரஹா ஹை! பாப்பா வருது!" என்று வராந்தா முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன்.

பாப்பா வந்தேவிட்டாள். அப்பாவின் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரியவள். கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே கிடந்து, நாங்கள் ஸ்வெட்டர் போட்ட பிறகுதான் அம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். இப்போது என்னைவிட உயரம். அன்று அவசரமாக வந்தவள் இன்று எங்கே கிளம்பினாலும் லேட்.

பெரியம்மாவுக்கும் என்னைப் போலவே பொறுமை இல்லை, ஒன்பதாம் மாதம் வரை காத்திருக்க முடியவில்லை என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். ஒன்பதாம் மாதத்தில் வளையல் போட அம்மாவும் பாப்பாவும் இருப்பார்களோ மாட்டார்களோ என்று அவள் பயந்தது அப்போது எனக்குத் தெரியாது.