வாய்க்கு வராத சொல்லும் ஒரு ராத்தல் பாணும்

ஆண்டவருடைய பிள்ளைகளே, இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வாங்கிய நன்மையை வாய் பொத்தி வைத்திருந்தால் நான் நன்றி கெட்டவள் ஆவேன். அதனால் சொல்கிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. வீடு மஹய்யாவ என்ற இடத்தில். வத்தேகமப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் இரண்டாம் தரத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். பதினொரு வருடமாக எனக்குத் தலைவலி. சும்மா தலைவலி இல்லை. இடது கண்ணுக்குப் பின்னால் தொடங்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசம் ஆகவே ஆகாது. காலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும். ஒரு கையில் ஜெபமாலை, மறு கையில் வாந்திக்குச் சொப்பிங் பேக், அப்படித்தான் வேலைக்குப் போனேன்.

போன வருடம் கிளினிக்கில் புது மருந்து ஒன்று தொடங்கினார்கள். தலைவலி குறையவில்லை. குறைந்தது என் பேச்சு. ஒரு நாள் வகுப்பில் குடைப் படத்தைத் தூக்கிக் காட்டினேன். பெயர் வரவில்லை. "இது... மழைக்குப் பிடிக்கிறது" என்றேன். விடுகதை என்று நினைத்துக்கொண்டு முப்பது பிள்ளைகளும் சந்தோஷமாக "குடை!" என்று கத்தினார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்தடுத்துக் கதிரை என்ற சொல் மறந்தது, சீப்பு மறந்தது. சட்டியில் இல்லாவிட்டால் அகப்பையில் வராது, சரி. என் சட்டியில் எல்லாம் இருந்தது. அகப்பையில்தான் வரவில்லை. மூளை கழன்றுகொண்டு போகிறது என்று நானே முடிவு கட்டினேன். பிள்ளைகளுக்குச் சொல் சொல்லிக் கொடுக்கிறவளுக்கே சொல் இல்லை என்றால் அந்த வகுப்பில் எனக்கு என்ன வேலை? விலகல் கடிதம்கூட எழுதி வைத்தேன்.

தவக்காலம் வந்தது. ஒருசந்தி இருந்தேன். ஒரு வேளைச் சாப்பாட்டோடு, "தலைவலி இருந்தாலும் இருக்கட்டும், என் சொல்லைத் திருப்பித் தாரும்" என்று கெஞ்சினேன். வலி இரண்டு மடங்கானது. ஆண்டவரோடு கோபித்துக்கொண்டு மூன்று நாள் ஜெபமாலையைத் தொடவில்லை. அவருக்கு அதில் நட்டம் இல்லை, எனக்குத்தான்.

நான்காம் நாள் கிளினிக் நாள். அங்கே பரீதா என்று ஒரு மிஸி, அதாவது தாதி. அக்குறணையில் இருந்து வரும் முஸ்லிம் பெண். எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. சிங்களத்தில் வருகிறவருக்குச் சிங்களம், தமிழில் வருகிறவருக்குத் தமிழ். வழமைபோல, "வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். வழமைபோல, "இல்லை மிஸி" என்றேன்.

பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் மருந்து என்றால் கிளினிக்கில் தருவது. கடையில் பாண் ரொட்டியோடும் சீனியோடும் சேர்த்து வாங்குவது குளிசை, தலைவலி மாத்திரை. பஸ் ஏறமுதல் இரண்டு, இடைவேளைக்கு இரண்டு, பின்னேரம் இரண்டு என்று வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதை யார் மருந்து என்று கணக்கில் எடுத்தார்கள்!

அன்றைக்குப் பெயரும் முகவரியும் கேட்டபோது என் வீட்டு முகவரியே எனக்கு வரவில்லை. திணறிக் கண் கலங்கிவிட்டேன். மிஸி என்னைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"டீச்சர், கோவிக்க வாணாம். அந்த ஹேண்ட்பேக்கக் கொட்டுங்க பாப்பம்."

கொட்டினேன். ஜெபமாலை விழுந்தது, சாவி விழுந்தது. பிறகு குளிசைக் கார்ட். ஒன்று, இரண்டு, ஏழு கார்ட். ஐந்து வெறும் கார்ட்.

"இது என்ன?"

"அது மருந்து இல்ல மிஸி, குளிசைதான்."

"மருந்தில்லாம டொஃபியா டீச்சர்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒருசந்தி இருப்பதையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. வரிசையில் நின்ற யாருக்கும் கேட்காமல் மெல்லப் பேசினார். "எங்கட நோம்புலயும் நோயாளிக்கு விலக்கு இரிக்கு. பட்டினி கெடந்து குளிசை போட்டா தல எப்பிடித் தாங்கும்?" என்றார். கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். தினமும் போடுகிற அந்தக் குளிசையே தலைவலியைக் கொண்டுவருமாம். சொல் மறப்பது கிளினிக் மருந்தின் பக்கவிளைவாம். மூளைக்கு ஒன்றும் இல்லையாம். மருந்தைப் படிப்படியாகக் குறைத்து மாற்றலாம், ஆனால் கடைக் குளிசையை இன்றோடு நிறுத்த வேண்டும், முதல் இரண்டு வாரம் வலி கூடும் என்றார்.

கூடியது என்றால் கொஞ்சமாகவா கூடியது? வீட்டில் இருந்த கார்ட் எல்லாவற்றையும் என் கணவர் அந்தோனி அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை வேலைக்குக் கொண்டு போய்விட்டார். அந்த மனுசனை நான் பேசாத பேச்சு இல்லை. "நீ ஏசு ஜெசி, ஏச வாய் இருக்கே, அது போதும்" என்று சொல்லிக்கொண்டே ஈரத்துணியை நெற்றியில் போடுவார். இப்படி ஒருவரை எனக்குத் தந்ததற்கே நான் தனியாக ஒரு சாட்சி சொல்ல வேண்டும்.

ஆறாம் நாள் பகல். பாடசாலை விட்டு வந்து சேலைகூட மாற்றவில்லை. அவர் வேலைக்குப் போயிருந்தார். இனி முடியாது. "ஆண்டவரே, என்னைப் பிடித்துக்கொள்ளும்" என்று சொல்லிக்கொண்டே கால் கடைக்கு நடந்தது. வாய் ஒன்று சொல்ல, கால் ஒன்று செய்தது. கடையில் முதலாளி இல்லை. புதிதாகக் கலியாணம் முடித்து வந்த மருமகள் நின்றாள், என்னைத் தெரியாதவள். குளிசை இருப்பது லாச்சி என்கிற இழுப்பறைக்குள்ளே, காட்டிக் கேட்கவும் வழியில்லை.

"என்னங்க வேணும்?"

வாயைத் திறந்தேன். வருடக்கணக்காக அந்தக் கடையில் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். வரவில்லை. "அது... அது வந்து..." என்று நின்றேன். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"பாணா டீச்சர்?" என்றாள், என் சேலையையும் பையையும் பார்த்துவிட்டு.

"ஓ, பாண்" என்றேன். ஒரு ராத்தல் பாணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

குசினி அடுப்படியில் உட்கார்ந்து அதைப் பிய்த்துத் தின்றேன். அன்றைக்கு அதுதான் முதல் சாப்பாடு. அப்போதுதான் உறைத்தது. திருப்பித் தாரும் என்று நான் அழுது கேட்ட சொற்களில் ஒன்றை மட்டும், அந்த ஒரு நிமிடத்துக்கு, அவர் தம்மிடம் வைத்துக்கொண்டார். சத்தம் போட்டு அழுதேன். அதன்பிறகு கடைப் பக்கம் கால் போகவில்லை.

மூன்றாம் வாரம் வலி இறங்கியது. மருந்தை மாற்றிய பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பொய் சொல்லமாட்டேன், தலைவலி இன்னும் மாதத்தில் மூன்று நான்கு தரம் வரும். வந்தால் டாக்டர் எழுதித் தந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். மற்ற நாளெல்லாம் வகுப்பில் நிற்கிறேன், தொண்டை கட்டுகிற அளவுக்குக் கதைக்கிறேன். பரீதா மிஸிக்காக அவருடைய பெயரைச் சொல்லித் தினமும் ஜெபிக்கிறேன். சொன்னேன் அவரிடம். "அப்ப நானும் துஆ கேக்கிறன்" என்று சிரித்தார்.

நோயோடு இருக்கிறவர்களே, ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் கேட்காமல் எதையும் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ஆண்டவர் முன்னால் கொட்டுவதைப்போல டாக்டர், மிஸி முன்னாலும் பையைக் கொட்டுங்கள். கேட்டது கிடைக்கவில்லையே என்று ஆண்டவரோடு கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் கோபித்துப் பார்த்தவள். அப்பம் கேட்கிற பிள்ளைக்குக் கல்லைக் கொடுக்கிற தகப்பன் உண்டா என்று வேதத்தில் இருக்கிறதே. கடை வாசலில் நான் கல்லைக் கேட்டு நின்றேன். அவர் என் கையில் பாணைக் கொடுத்து அனுப்பினார்.