101-இல் அம்மா பேசியது

போன மாதம் எங்கள் தெருவுக்குத் தீயணைப்புக்காரர்கள் வந்து ஒத்திகை காட்டினார்கள். "தீயப் பாத்தா மொதல்ல சத்தம் போடுங்க, ஒடனே 101க்கு போன் பண்ணுங்க" என்றார் அதிகாரி. பக்கத்தில் நின்ற அம்மா, அவர் என்ன சொல்கிறார் என்று கையால் கேட்டாள். நான் கையாலேயே சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது.

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, ஒரு மாசி மகத்தன்று, எங்கள் வைத்திக்குப்பமே கடற்கரையில் சாமி பார்க்க நின்றது. அப்பாவும் அங்கேதான். எனக்கு அம்மை போட்டிருந்ததால் நானும் அம்மாவும் மட்டும் வீட்டில். பலூன் போச்சு, பஞ்சுமிட்டாய் போச்சு என்று நான் அழுதுகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து யாரோ விட்ட ராக்கெட் எங்கள் வலைக் கொட்டகையின் கீற்றில் விழுந்து பற்றிக்கொண்டது. கொட்டகையை ஒட்டிய சுவருக்கு இந்தப் பக்கம் சமையலறை, கேஸ் சிலிண்டர்.

தெருவில் நின்று கத்தினேன். மேளத்துக்கும் வெடிக்கும் நடுவே யார் காதில் விழும்? அன்றைக்கு ஊரில் ஒருத்தருக்கும் காது கேட்கவில்லை. அம்மா குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப அவள் வைத்திருந்த பட்டன் போனை எடுத்து 101 அடித்தேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த எண். அடித்துப் பார்க்க ரொம்ப நாள் ஆசை வேறு.

"அண்ணா, தீப்புடிச்சிச்சி! சீக்கிரம் வாங்க!"

"ஏம்மா, வெளையாடுறியா? காலையிலேர்ந்து இதே வேலையாப் போச்சு. வீட்ல பெரியவங்க கிட்ட குடு."

பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பிள்ளை நான். ஓடிப்போய் அம்மாவிடம் போனை நீட்டினேன்!

அம்மாவுக்குக் காதுதான் கேட்காதே தவிர, குரல் உண்டு. பெரிய குரல், அதில் சொற்கள் இருக்காது, அவ்வளவுதான். முன்பெல்லாம் பள்ளிக்கூட வாசலில் நின்று அந்தக் குரலில்தான் என்னைக் கூப்பிடுவாள். பிள்ளைகள் சிரித்தார்கள். சத்தம் போடாதே என்று ஒருநாள் வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அதற்கப்புறம் வீட்டுக்குள்கூட அவள் குரலை நான் கேட்டதில்லை.

அம்மா போனைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அசையாமல் நின்றாள். நான் தீயைக் காட்டி, பேசு பேசு என்று தலையை ஆட்டினேன். போனை வாயருகே பிடித்து ஒரு கத்து கத்தினாள் பாருங்கள்! திரும்ப வாங்கி நான் காதில் வைத்தபோது அந்த ஆளின் குரல் மாறியிருந்தது.

"பாப்பா, எந்தத் தெரு? சீக்கிரம் சொல்லும்மா."

திருவிழாவுக்காகக் கடற்கரையில் நிறுத்தியிருந்த வண்டி மணியடித்துக்கொண்டு வந்துவிட்டது. கொட்டகையும் வலையும் போயின. வீடு தப்பியது.

வண்டியை வரவழைத்தது நான்தான் என்று அம்மை இறங்கியதும் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். போனில் எப்படிப் பேசுவது என்று தெரியாமல்தான் அம்மா என் முகத்தைப் பார்த்தாள், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று அதில் தனிப் பெருமை. வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொட்டகை கண்ணெதிரே எரியும்போது, சத்தம் போடலாமா என்று அவள் என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.