ஹனெசாவாவுக்காகப் பேசிய துபாய் அதிகாரி

வேலுச்சாமிக்குச் சொந்த ஊர் கமுதி. அந்த ஊருக்கு ரயில் கிடையாது. துபாயில் மெட்ரோ கட்ட வந்த கம்பெனி ஒன்றில் அவருக்கு டிரைவர் வேலை கிடைத்தது. ஷார்ஜா ரோலாவில் ரூம். ஒகிமோட்டோ என்ற ஜப்பானிய இன்ஜினியரைத் தினமும் சைட்டுக்குக் கொண்டுபோய் விட்டு, திரும்பக் கூட்டிவருவதுதான் டூட்டி.

வண்டி நெரிசலில் நிற்கும்போதெல்லாம் ஒகிமோட்டோ தன் ஊரான ஹனெசாவாவின் ஸ்டேஷனைப் பற்றிப் பேசுவார். இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான். ஆனால் நெரிசல் தாராளமாக இருந்ததால் அதன் வரலாறு முழுக்க வேலுச்சாமிக்கு அத்துபடியாகிவிட்டது. மலையில் வெட்டிய மரத்தை இறக்கப் போட்ட லைன் அது. மரம் தீர்ந்ததும் பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள். அவர்களும் வளர்ந்து நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டரை எடுத்துவிட்டார்கள். இப்போது பக்கத்து சலூன்காரர், முடி வெட்டுகிற நேரம் போக, டிக்கெட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் கார் வாங்கிட்டாங்க. அதனால மூடப்போறாங்க,” என்றார் ஒகிமோட்டோ.

“இங்கயும் எல்லார்கிட்டயும் கார் இருக்கே சார்?”

ஒகிமோட்டோ வெளியே நின்ற வண்டி வரிசையைப் பார்த்தார். “அதனாலதான் இங்க கட்டுறோம்.”

ஸ்டேஷனைக் காப்பாற்ற ஊர்க்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வெளிநாட்டு ஆதரவு வேண்டுமாம். ஒகிமோட்டோ, வேலுச்சாமிக்கு ஹெல்மெட் மாட்டி, ஜப்பானிய மொழியில் எழுதிய ஓர் அட்டையைக் கையில் கொடுத்து, பாதி எழும்பிய மெட்ரோ தூணுக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்து அனுப்பினார். உள்ளூர்ப் பத்திரிகை அதைப் பெரிதாகப் போட்டது: ‘ஹனெசாவாவை மூடாதீர்கள். துபாய் ரயில்வே உயர் அதிகாரி வேண்டுகோள்.’

ஒகிமோட்டோ அதைக் காதுவரை சிவந்துபோய் மொழிபெயர்த்தார். வேலுச்சாமி ரூமுக்கு வந்ததும் கூடத் தங்கியிருந்த கீழக்கரை ஜெய்னுலாப்தீனிடம் சொன்னார்.

“விசா குடுத்த கபீல் கண்ணுல பட்டுச்சுன்னா கேன்சல் பண்ணிருவாய்ங்க பாய்.”

“ஜப்பான் பேப்பர எந்த கபீல் படிக்கிறாரு? உயர் அதிகாரி மொதல்ல சட்டிய கழுவும். இன்னைக்கு உம்ம முறை.”

ஹனெசாவாக்காரர்கள் அதோடு விடவில்லை. சங்கத் தலைவர் அதிகாரியிடம் போனில் பேச ஆசைப்பட்டார். காரை ஓரமாக நிறுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டு, புரியாத ஜப்பானிய மொழியை வேலுச்சாமி மரியாதையாகக் கேட்டார். கடைசியில், “யெஸ். வெரி குட் ஸ்டேஷன்,” என்றார். மறுமுனையில் கைதட்டல் கேட்டது.

ஆனாலும் 2008 மார்ச்சில் ஸ்டேஷனை மூடினார்கள். கடைசி ரயிலை வழியனுப்ப லீவில் ஊருக்குப் போய்த் திரும்பிய ஒகிமோட்டோவை வேலுச்சாமி ஏர்போர்ட்டில் போய் அழைத்துவந்தார்.

“கூட்டம் வந்துச்சா சார்?”

“எங்கெங்கேயோ இருந்து கேமராவோட வந்துட்டாங்க. பிளாட்பாரத்துல நிக்க இடமில்ல.”

“கடைசி ரயில்ல போனீங்களா?”

“ஏற முடியல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வாடகைக் கார்லதான் திரும்பினேன்.”

வேலுச்சாமி ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டினார்.

மறு வருஷம் செப்டம்பரில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. இன்ஜினியர்கள் ஆபீசுக்கு அதிலேயே போனார்கள். டிரைவர் எதற்கு? மேனேஜர் கலாஸ், வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார். ஒகிமோட்டோதான் இடுப்பு வளைத்துக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

“பரவால்ல சார். ரயில் நல்லா ஓடுது,” என்றார் வேலுச்சாமி. அது பொய்யில்லை.

அப்புறம் புஜைராவில் தண்ணீர் டேங்கர் ஓட்டப் போனார். மலைகளுக்கு நடுவே நல்ல ரோடு, நெரிசலே கிடையாது. பக்கத்து சீட்டில் ஆளும் கிடையாது. முதல் மாதம் முழுக்க, பேச்சுத் துணையில்லாமல் அவருக்கு ஓட்டவே பிடிக்கவில்லை.