அம்மனிடம் பூக் கேட்டல்

கடந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு அம்மா வெள்ளரளியும் செவ்வரளியும் பறித்துவந்து தனித்தனிப் பொட்டலமாக மடித்தார். நான் விரும்புகிறவரை மணக்கலாமா என்று மறுநாள் அம்மனிடம் பூக் கேட்க வேண்டுமாம். "ஆத்தாளே சொல்லட்டும் அம்மணி."

ஈர அரளியின் வாசனையில் கோபிசெட்டிபாளையத்துக் கோயில் நினைவில் எழுந்தது. அப்போது எனக்கு ஏழு வயது. என் அத்தையும் அவர் காதலித்தவரும் கைகூப்பி நின்றிருந்தார்கள். "வெள்ளை வந்தா நானே முன்ன நின்னு கட்டி வெக்கறேன் கண்ணு," என்றார் தாத்தா, மனமாரவே. பூசாரி எடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது. "ஆத்தா சொல்லிப்போட்டாளுங்க," என்று அத்தை விலகிக்கொண்டார். அந்த மாதமே அவர் காதலித்தவரின் உடலைப் பவானி ஆற்றிலிருந்து எடுத்தார்கள். தாத்தா அதன்பின் அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா குளித்துக் கிளம்பி நின்றார். "பூக் கேக்க வேண்டாமுங்கம்மா. அவரையே ஊட்டுக்கு வரச் சொல்லிப்போட்டேனுங்க," என்றேன்.