தப்பே வராத கை

"என் கையில தப்பே வராதுலா! பேரா மாநிலம் முழுக்கத் தேடிப் பாருங்க, இப்படி ஒரு கை கிடைக்காது!"

ஈப்போ ஆங்கிலப் பள்ளியின் பியூன் ஆம்புரோஸ் இதை மணியடித்துக்கொண்டே சொல்வார். மணி முடிந்துவிடும், பேச்சு முடியாது.

மணியடிப்பது வயிற்றுப்பாடு. பள்ளி பேண்டில் பெரிய டிரம் அடிப்பதுதான் அவருக்குப் பதவி. பேண்டு வாசிக்கிற அன்றைக்குக் காலில் பூட்ஸ் ஏறும், பேச்சில் இங்கிலீஷ் ஏறும். வாசிப்பதற்கு முன் டிரம்மை ஒரு மணி நேரம் வெயிலில் காய வைப்பார். "இது வெள்ளைக்காரன் வழக்கம்" என்பார். எந்த வெள்ளைக்காரன் என்று கேட்ட வாத்தியாருக்கு அன்று முழுக்கத் தண்ணீர் வராது.

தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவருடைய அப்பா சன்னாசி, திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்படித்தவர். நெருப்பில் தோலைக் காய்ச்சி அடிக்கிற அந்த வாத்தியத்துக்கும் பிழைக்கும் ஒரே பேர் வைத்தது தமிழின் குறும்பு. ஆம்புரோஸ் செய்யும் சத்தியம் இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்து விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டி. துரைமார் முன்னால் ‘ஸ்லோ மார்ச்’ என்கிற மெதுநடைத் தாளம்தான் வாசிக்க வேண்டும் என்பது பேண்டு நடத்தும் யாழ்ப்பாணத்துக் கார்த்திகேசு மாஸ்டரின் கட்டளை.

"ஒரு அடி பிசகினாலும் நாளைக்கு டிரம் காவல்காரன் சீனிக்குத்தான். விளங்குதோ?"

"நமக்கா மாஸ்டர்? பிசகா?"

கயிறு எதிர்ப்பள்ளிப் பக்கம் ஒரு முழம் போயிற்று. இன்னொரு முழம் போனால் கோப்பையும் போகும். வேடிக்கை பார்க்கத் தோட்டத்திலிருந்து வந்திருந்த இருளாயி, கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள்:

"அது நம்ம தப்புக்காரச் சன்னாசி மவன்தானே? என்னண்ணே, காலையில சாப்பிடலயா? சாவு வீட்டுலகூட இதவிட உசுரா அடிப்பாங்களே! பயலுவ கை நழுவுதுலா!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. மாஸ்டரின் கோல் மெதுநடைக்கே அசைந்தது. டிரம்மைப் பிடித்துக்கொள்ளத் தயாராகச் சீனி இரண்டடி தள்ளி நின்றான்.

ஆம்புரோஸ் கயிற்றைப் பார்த்தார். டிரம் அடிக்கிற பஞ்சு சுற்றிய கட்டையைப் புல்லில் வைத்தார். பக்கத்தில் சின்ன டிரம் அடிப்பவரிடமிருந்து இரண்டு குச்சிகளை உருவிக்கொண்டார். பெரிய டிரம்மைச் சாய்த்து, விளிம்பைத் தப்புப்போல இடது தோளோடு அணைத்து, தோட்டத்தில் அப்பா அடித்த அடியை ஓங்கி அடித்தார்.