உபவாச நாளில் ஒரு கேக்

டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகர முதியோர் இல்லத்தில் அக்காவோடும் என்னோடும் வேலை செய்யும் யூதப் பெண், யோம் கிப்பூர் அன்று தண்ணீர்கூடக் குடிக்காமல் பாவமன்னிப்புக் கேட்பவள். அன்று அவளுக்கு அக்கா கேக், வைன் கிளாஸ், டெனிஷ்காரர் பிறந்தநாளுக்கு வைக்கும் கொடி என்று எமோஜிகளைக் கொட்டி வாழ்த்து அனுப்பியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பெருநாள்தானே, அதுக்கென்ன?” என்றார் அக்கா.

“பெரிய வெள்ளியண்டு நீங்கள் கஞ்சியோட இருக்கேக்க ஒருத்தி ஈஸ்டர் வாழ்த்தெண்டு கோழிக்குஞ்சுப் படம் அனுப்பினதுக்கு, ஒரு கிழமை அவளோட கதைக்கேல்லையே!”

“அது வேற. அது எங்கட ஆண்டவர் செத்த நாள்.”

“அந்த ஆண்டவரும் யூதர்தான், அக்கா! இந்த உபவாசம் அவரும் இருந்திருப்பார். உங்கட நல்ல காலம், உபவாச நாளெண்டபடியால் பொழுதுபடுமட்டும் அவ போனைத் தொடமாட்டா. அதுக்கு முதல் அந்தக் கேக்கை அழியுங்கோ!”